இரண்டாவது ஏப்பம்

கணக்கு டீச்சருக்குக் குழந்தை ஒன்றுதான். ஏப்பம் மட்டும் இரண்டு வந்துகொண்டிருந்தது.

ராத்திரி ஒன்றரை மணிக்குப் பால் கொடுத்து, மகளை இடது தோளில் போட்டு முதுகைத் தட்டுவாள். ஏப்பம் வந்த மறுநொடி தொட்டிலில் கிடத்திவிட்டுக் கட்டையைச் சாய்ப்பாள். அன்றும் ஏப்பம் கேட்டதும் அப்படித்தான் கிடத்தினாள். குடித்த அத்தனையையும் மகள் விரிப்பில் கக்கினாள். கக்கிய பிறகுதான் அவளுக்கு ஏப்பமே வந்தது. முதல் ஏப்பம் டீச்சரின் காலியான வலது தோளிலிருந்து வந்திருந்தது.

புருஷனை உலுக்கினாள். "ஏங்க, நீங்களா ஏப்பம் விட்டீங்க?"

"நான் தூங்குறேன்" என்றார் அவர், தூக்கத்திலேயே.

பயப்படவும் தெம்பு வேண்டுமே! விரிப்பை மாற்றவே அவளுக்குத் தெம்பில்லை. கோபம்தான் பொத்துக்கொண்டு வந்தது. வலது பக்கம் திரும்பி வகுப்பறைக் குரலில் அதட்டினாள்: "உன் ஏப்பத்தை நம்பி இவளைப் படுக்க வச்சேன் பாரு, என்னைச் சொல்லணும்! இனிமே அவ விட்டப்புறம்தான் நீ. புரியுதா?"

நாலு மணிக்கு மகள்தான் முதலில் ஏப்பம் விட்டாள். வலது பக்கம் மூச்சே இல்லை. டீச்சருக்கு மனசு கேட்கவில்லை. வெறும் தோளுக்கு மேல் நாலு தட்டுத் தட்டினாள். திருப்தியாக ஒரு ஏப்பம் வந்தது.

காலையில் மகள் தொட்டிலில் விழித்துக் காலை உதைத்துக்கொண்டிருந்தாள். புருஷன் டீச்சரின் நைட்டியைப் பார்த்துச் சிரித்தார். "என்ன, ரெண்டு தோள்லயும் கக்கி வச்சிருக்கா?"

"அவ இடது பக்கம் மட்டும்தான்" என்றாள் டீச்சர், வலது தோளை அசைக்காமல். "மெதுவாப் பேசுங்க. இது இப்பத்தான் கண்ணசந்திருக்கு."