சிவப்பு இறங்கும்வரை

காய்ச்சலில் செத்துப்போன செண்பகவல்லியைக் குளிப்பாட்டி நடுவீட்டில் கிடத்தியிருந்தார்கள். தாலியோடு போகிறவள் என்பதால் நாத்தனார் உலகம்மை அவள் முகத்துக்கு மஞ்சள் பூசினாள்.

"மஞ்சள் வேண்டாம்மா, அவளுக்கு எரியும்," என்றாள் செண்பகத்தைப் பெற்ற பேச்சியம்மாள்.

"இனிமே என்னத்த எரியப் போவுது அத்தை?"

"நலுங்கு அன்னைக்கும் கேட்டியா நீ? சீமைத் தோலோன்னு சிரிச்சுக்கிட்டே அப்பிவிட்ட. ஒரு வாரம் மூஞ்சி செவந்து கெடந்தா புள்ள."

உலகம்மை பூசி முடித்து, கையைத் துடைத்துவிட்டுத் திரும்பினாள். மஞ்சளுக்கு அடியில் இரண்டு கன்னங்களும் சிவந்திருந்தன, அவளுடைய விரல்கள் போன தடத்திலேயே.

"பாத்தியா," என்றாள் பேச்சியம்மாள். குரலில் கோபமே இல்லை. ஈரத்துணியால் மஞ்சளை ஒற்றி எடுத்தாள். மகளின் கைப்பையைத் துழாவிக் கத்தாழை ட்யூபை எடுத்து நீட்டினாள்.

உலகம்மை வாங்கிக்கொண்டாள்.

"தேய்க்காத. ஒத்தி விடு."

"இப்படியா அத்தை?"

"இன்னும் மெதுவா."

வாசலில் சங்கு ஊதினார்கள். "என்ன பொம்பளைகளா, தூக்க வேண்டாமா?" என்று ஒருவர் உள்ளே எட்டிப் பார்த்தார்.

"செவப்பு எறங்கட்டும்," என்றாள் உலகம்மை. அவர் போனதும் குனிந்து, யாருக்கும் கேட்காமல் கேட்டாள்: "எறங்குனா என்ன செய்வா அத்தை?"

"வேற என்ன செய்வா? கண்ணத் தொறந்து கண்ணாடியக் கேப்பா."

கன்னத்தில் சிவப்பு மெல்ல இறங்கிக்கொண்டிருந்தது. உலகம்மை எழுந்து போய்ச் சுவரில் மாட்டியிருந்த கண்ணாடியைக் கழற்றினாள்.