சுற்றிப் போகும் விமானம்

"ரெண்டு மணி நேரமா? ரெண்டு மணி நேரத்துல போற ப்ளேனை எவன்டா உன்கிட்ட கேட்டான்?"

அப்பா போட்ட கூச்சலில் மாடி வீட்டுக்காரர் பூகம்பம் என்று நினைத்து, வெறுங்காலோடு தெருவுக்கே ஓடிவிட்டார். மகன் லேப்டாப்பைத் தன் மடிக்கு இழுத்துக்கொண்டான். அதற்கும் அப்பாவின் கைத்தடிக்கும் நடுவே ஒரு சாண்தான் இடைவெளி.

"இந்த மாசம்தான்பா நேர் ப்ளேனே விட்டிருக்கான். ஆயிரத்து நானூறு கிலோமீட்டரை ஒரே மூச்சுல தாண்டிடுவான். தம்பி வீட்டுல மத்தியானச் சாப்பாட்டுக்கே உக்காந்துடலாம். நடுவுல இறங்கி, ஆறு மணி நேரம் பெஞ்சுல தவம் கிடந்து, இன்னொரு ப்ளேன் ஏறணும்னு என்ன தலையெழுத்து?"

"என் தலை, என் எழுத்து. பழையபடி போடு."

"அந்த ஏர்போர்ட்ல அப்படி என்னதான் இருக்கு?"

"காபி நல்லா இருக்கும்."

அடுக்களையிலிருந்து மருமகளின் குரல் ஏவுகணையாகப் பாய்ந்து வந்தது. "காபிக்குத்தான் கிளம்புற அன்னிக்கெல்லாம் ரெண்டு தடவை ஷேவிங்கா மாமா? இஸ்திரி போட்ட சட்டை, சென்ட்டு வேற! என் காபியைக் கைலியோடதானே குடிக்கிறீங்க?"

"உன் காபிக்குக் கைலியே ஜாஸ்தி!"

உள்ளே ஒரு பாத்திரம் உறுமிக்கொண்டு உருண்டது. மகனுக்கு ரத்தம் கொதித்தது. வீட்டில் உபரியாக இருப்பது ஓர் அறை, ஒற்றைக் கட்டில். நாளைக்கு அப்பா காலி செய்தால்தான், அன்றைக்கே தம்பி வீட்டிலிருந்து வருகிற அம்மா அங்கே பெட்டியை வைக்க முடியும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை இப்படி ஆள் மாற்றிக்கொள்வதென்று அண்ணனும் தம்பியும் பேசி முடித்த ஏற்பாடு.

"நேர் டிக்கெட் போட்டாச்சுப்பா. ஏறினா ஏறுங்க."

"ஏற மாட்டேன்டா! என்ன பண்ணுவே?"

"ஏறாதீங்க! இனிமே நீங்க இங்கேயே கிடங்க, அம்மா அங்கேயே கிடக்கட்டும். இந்த மாத்துற வேலையே வேண்டாம்!"

அப்பாவின் கைத்தடி மெல்லத் தரைக்கு இறங்கியது.

"அப்படி மட்டும் பண்ணிடாதேடா" என்றார். தெருவில் நின்ற மாடி வீட்டுக்காரருக்கு இது கேட்டிருக்காது.

அதற்குள் போன் அடித்தது. தம்பி.

"அண்ணா, இங்கே ஒரே ரகளை! நேர் ப்ளேன்னு சொன்னதும் அம்மா சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிட்டா. நடுவுல அந்த ஏர்போர்ட்ல இறங்கினாத்தான் வருவேங்கிறா. என்னதான்ணா இருக்கு அங்கே?"

மகன் போனைக் காதிலிருந்து எடுக்க மறந்து அப்பாவைப் பார்த்தான்.

அப்பா சட்டைக் காலரை நீவிவிட்டுக்கொண்டார்.

"அங்கதான்டா நாங்க குடித்தனம் நடத்துறோம்."