ஒன்பது எக்ஸ்ரே

மோர்பி நகரத்தில் ஓடு தயாரிக்கும் ஆலையின் டாக்டர் நிஷித் வோரா, பகலில் நோயாளிகளைப் பார்த்துவிட்டு, மாலையில் ஆன்லைனில் தொழில்சார் மருத்துவம் படித்தார்.

ஆறாவது மாதம் பழைய எக்ஸ்ரேக்களை மறுபடி எடுத்துப் பார்த்தார். காசநோய் என்று அவரே மருந்து எழுதிக்கொடுத்த ஒன்பது தொழிலாளிகளுக்கு நுரையீரல் முழுக்கக் கல்தூசி படிந்திருந்தது.

பட்டியலோடு ஆலை முதலாளியான மகன்பாயிடம் ஓடினார்.

"சேட், இவங்களை இன்னிக்கே தூசி இல்லாத இடத்துக்கு மாத்துங்க. இல்லேன்னா பொழைக்க மாட்டாங்க."

மகன்பாய் நிதானமாகப் படித்தார். "நல்ல காரியம் பண்ணீங்க சாகேப். டீ குடிங்க."

மறுநாள் ஒன்பது பேரில் ஒருவரையும் ஆலையில் காணோம்.

"அவங்கள்லாம் எங்க சேட்?"

"நீங்க சொன்ன இடத்துக்குத்தான் அனுப்பிட்டேன். அவங்கவங்க ஊருக்கு."

"ஐயோ, அவங்களுக்கு வைத்தியம் பார்க்கணும், நஷ்டஈடு தரணும்!"

"எதுக்கு? இங்க வேலை பார்த்ததா ஒரு பதிவேட்டுலயும் அவங்க பேர் இல்லையே."

மகன்பாய் டாக்டரின் தோளைத் தட்டினார்.

"இனிமே மாசாமாசம் எல்லாருக்கும் எக்ஸ்ரே எடுத்துடுங்க. முத்திப்போய் கோர்ட்டு கேஸ் ஆகறதுக்கு முன்னாடியே ஆளைக் கழிச்சுக் கட்டிடலாம். பின்னே, நான் எதுக்கு ஃபீஸ் கட்டி உங்களைப் படிக்க வெச்சேன்?"