மஞ்சள் தொப்பிக்காரர்

விசிலை வாயில் வைக்கும்போதே போலீஸ்காரன் சுங்-லின்னுக்கு அலுப்பாக இருந்தது. இது எத்தனையாவது தடவை என்று எண்ணுவதையே அவன் விட்டுவிட்டான்.

"ஓரங்கட்டுங்க, ஐயா."

பழைய பச்சை ஸ்கூட்டர் நின்றது. ஓட்டி வந்தவர் லியாவ் பெரியவர், எழுபத்தைந்து வயதுக்காரர். தலையில் கட்டட வேலைக்காரர்கள் போடும் மஞ்சள் பிளாஸ்டிக் தொப்பி.

"சாப்பிட்டாச்சா, தம்பி?"

"நான் சாப்பிட்டது இருக்கட்டும். இது ஹெல்மெட் இல்லன்னு எத்தனை தடவை சொல்றது?"

"கெட்டியாத்தானே இருக்கு."

"மேலேருந்து செங்கல் விழுந்தா காப்பாத்தும். நீங்க ரோட்டுல விழுந்தா அது ஒரு பக்கம் உருளும், நீங்க ஒரு பக்கம் உருளுவீங்க."

பெரியவர் ரசித்துச் சிரித்தார். திட்டு வாங்குகிற ஆள் சிரிக்கிற சிரிப்பே இல்லை அது.

தைபேயிலிருந்து மாற்றலாகி சியாயி நகரத்துக்கு வந்து ஆறு மாதமாகிறது சுங்-லின்னுக்கு. சந்தை முனையில் காலை டியூட்டி. ஆயிரம் ஸ்கூட்டர்கள் அவனைத் தாண்டிப் போகும். நிறுத்தினால் சண்டை, நிறுத்தாவிட்டால் ஒருத்தரும் திரும்பிப் பார்ப்பதில்லை. அறைக்குப் போனாலும் நான்கு சுவர்தான். சிரித்துப் பேசுகிற ஒரே ஆள் இந்தப் பெரியவர். அவரும் சட்டத்தை மீறிவிட்டுத்தான் சிரிக்கிறார்.

"சரி தம்பி, வாங்கிடறேன். எதைப் பார்த்து வாங்கணும்?"

அன்றைக்குச் சொன்னான்: "சந்தையில தொங்கறதை வாங்காதீங்க. அரசாங்கத் தர முத்திரை ஒட்டியிருக்கணும்."

மறுநாள்: "முத்திரையை எவன் வேணும்னாலும் ஒட்டலாமே, தம்பி?"

"உள்ளேயும் லேபிள் இருக்கும். தயாரிச்சவர் பேர், விலாசம், தேதி எல்லாம் இருக்கணும். உள்பக்கம் விரலால அமுக்கிப் பாருங்க, அழுத்தமா இருக்கணும்."

அடுத்த வாரம் அளவு பற்றிக் கேட்டார். வாரை மாட்டித் தலையை ஆட்டினால் ஹெல்மெட் தனியாக ஆடக் கூடாது என்று சுங்-லின் தன் தலையை ஆட்டியே காட்டினான். அதற்கடுத்த வாரம் நிறம்.

"வெள்ளையா, கறுப்பா?"

"ஐயா, பொண்ணு பார்க்கப் போனப்பகூட இவ்வளவு கேள்வி கேட்டிருக்க மாட்டீங்க."

"கேக்கல தம்பி. அவதான் என்னைக் கேட்டா." பெரியவர் கைப்பிடியைத் தடவினார். "சாகற வரைக்கும் கேட்டுக்கிட்டே இருந்தா."

சுங்-லின் பேச்சை மாற்றினான். "ஸ்டேஷன்ல உத்தரவு போட்டுட்டாங்க. திங்கட்கிழமையிலேருந்து எச்சரிக்கை எல்லாம் கிடையாது, அபராதம்தான். அதுக்குள்ள வாங்கிடுங்க."

"தினமும் எழுதுவீங்களா?"

"இந்தத் தொப்பியோட வந்தா தினமும் எழுதுவேன்."

"சரி, தம்பி." ஸ்கூட்டர் கிளம்பிவிட்டது.

கையில் காசில்லாமல்தான் மனிதர் நாளைக் கடத்துகிறார் என்று சுங்-லின்னுக்குத் தோன்றியது. ஒரு நாள் விழுந்துவைத்தால்? ஞாயிற்றுக்கிழமை மனசு கேட்காமல் ஹெல்மெட் கடைக்குக் கிளம்பினான். தானே ஒன்று வாங்கிக் கொடுத்துவிட்டால் கவலை விட்டது.

"வயசான ஒருத்தருக்கும்மா. மஞ்சள் தொப்பி போட்டுக்கிட்டுப் பச்சை ஸ்கூட்டர்ல சுத்துவாரு."

"லியாவ் ஐயாவா?" கடைக்கார அம்மாள் கண்ணாடியைக் கழற்றினாள். "அவரு வாங்கி மூணு வாரம் ஆகுதே. இருக்கறதுலேயே நல்லதைப் பொறுக்கினாரு. முகத்தை முழுசா மூடுறது, வெள்ளை கலரு."

"வாங்கிட்டாரா?"

"லேபிளைப் படிச்சு, உள்ளே அமுக்கி, முத்திரையைச் சுரண்டிப் பாத்து... எனக்கே பாடம் எடுத்தாருன்னா பாருங்களேன். யாரோ போலீஸ்காரத் தம்பி சொல்லிக் கொடுத்தாராம்."

சுங்-லின்னுக்குக் காது சூடானது. மூன்று வாரமாக மனிதர் காது குத்தியிருக்கிறார். வெயிலில் நின்று தலையை ஆட்டிக் காட்டியதை நினைத்தபோது கோபம் கோபமாக வந்தது. இந்த ஊரில் தன்னிடம் பிரியமாகப் பேச ஒருத்தராவது இருக்கிறார் என்று நம்பினானே, அதை நினைத்தபோது அழுகையும் வந்தது.

திங்கட்கிழமை. மஞ்சள் தொப்பி தெரிந்ததுமே விசில் அடித்தான்.

"சாப்பிட்டாச்சா, தம்பி?"

ஸ்கூட்டரின் முன் கொக்கியில் ஒரு துணிப்பை தொங்கியது.

"பையில என்ன?"

பெரியவர் பையைக் கையால் மறைத்தார்.

"திறங்க."

உள்ளே வெள்ளை ஹெல்மெட். முத்திரை பளபளவென்று இருந்தது.

"என்னைப் பார்த்தா உங்களுக்குக் கேலியா இருக்கா, ஐயா?"

"ஐயோ, இல்ல தம்பி."

"வாங்கிப் பையில வெச்சுக்கிட்டே வெள்ளையா கறுப்பான்னு கேட்டீங்களே. நானும் ஒரு மடையன், வேலை மெனக்கெட்டு பதில் சொல்லிக்கிட்டிருந்தேன்."

பெரியவர் தலை குனிந்திருந்தார். சுங்-லின் அபராதச் சீட்டை எழுதிக் கிழித்து நீட்டினான். அவர் அதை இரண்டு கையாலும் வாங்கி, மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். மஞ்சள் தொப்பியைக் கழற்றிவிட்டு வெள்ளை ஹெல்மெட்டைப் போட்டார். வாரை மாட்டினார்.

"வாங்கின புதுசுல ரெண்டு நாள் இதைப் போட்டுக்கிட்டு இந்த வழியாத்தான் வந்தேன், தம்பி" என்றார். "நீங்க என்னை நிறுத்தவே இல்ல."