ஏழாம் எண் வில்லை

திருவொற்றியூர் ஆலையொன்றில் கொதிகலன் வெல்டிங்கைக் கதிர்வீச்சால் படம்பிடிப்பவர்கள், சட்டையில் சிலிக்கான் வில்லை ஒன்றைக் குத்திக்கொள்ள வேண்டும். கதிர் பட்டால் வில்லை கெடும். வாராவாரம் அவற்றை மீட்டரில் சோதிப்பது ஐரீனின் வேலை.

ஏழாம் எண் அவள் கணவன் லூர்துவுடையது. வில்லை கெட்டால் ஆளை வேலையிலிருந்து நிறுத்த வேண்டியிருக்கும் என்று மேனேஜர் அவனிடம் அதை அலமாரியிலேயே வைத்துவிட்டுப் போகச் சொல்வார். 1974இல் ரத்தம் கெட்டு லூர்து செத்தான். வில்லை புதிதாகவே இருந்தது. 'கதிர்வீச்சு படவில்லை' என்று எழுதி முடித்தார்கள்.

அடுத்த திங்கட்கிழமை, பூட்டிய அலமாரிக்குள் அந்த வில்லை கெட்டிருந்தது. ஐரீன் மாற்றினாள். அதுவும் கெட்டது. மூன்றாவதும் கெட்டது.

"ரிஜெக்ட்னு எழுதிட்டு வேலையப் பாரும்மா," என்றார் மேனேஜர்.

"உசுரோட இருந்தப்போ ஒரு நாளாவது இத்தப் போட வுட்டீங்களா சார்? இப்பதான் போட்டுகினு போறாரு."

மேனேஜர் பதிவேட்டில் ஏழாம் எண்ணையே அடித்துவிட்டார். ஐரீன் நான்காவது வில்லையை வீட்டுக்கு எடுத்துப்போய், ஆணியில் தொங்கிய லூர்துவின் காக்கிச் சட்டையில் குத்தினாள்.

திங்கட்கிழமை காலை ஆலைச் சங்கு ஊதியது. ஐரீன் வேலைக்குக் கிளம்பினாள். ஆணியில் சட்டை இல்லை.