எந்தப் பக்கம் கழிப்பறை?

"மறுபடியும் திருப்பிட்டா! வந்து பாருங்க, உங்க கண்ணாலயே பாருங்க!"

குடைக்கடைக்காரர் போட்ட சத்தத்தில் கண்ணாடிக்கடைக்காரரின் கையிலிருந்த மூக்குக்கண்ணாடி நழுவப் பார்த்தது. இந்த வாரத்தில் இது நாலாவது தடவை. வியாபாரிகள் சங்கத்துக்குச் செயலாளராக இருக்கிறேன் என்று தலையாட்டிய நேரத்தை நொந்துகொண்டே வெளியே வந்தார்.

விளக்குக் கம்பத்திலிருந்த அம்புக்குறி வலது பக்கம் திரும்பியிருந்தது.

விஷயம் இதுதான். அது நூறு வருஷத்துப் பழைய கடைத்தெரு. சுற்றிப் பார்க்க வருகிறவர்கள் கூடிப்போகவே, உட்கார பெஞ்சு, குடிதண்ணீர்க் குழாய், செல்போனுக்கு சார்ஜ் போட ஒரு கம்பம் என்று ஒவ்வொன்றாக வந்தன. கடைசியாகத் தெருவுக்குப் பின்னால் ஒரு கழிப்பறை. அதற்குப் போக இரண்டு சந்துகள். இடது சந்தில் குடைக்கடை. வலது சந்தில் குடைக்கடைக்காரருடைய தங்கை துணிப்பை தைத்து விற்கும் பைக்கடை. எந்தச் சந்தில் போனாலும் ஒரே தூரம்தான்.

ஆனால் தெருவின் பழமை கெட்டுவிடக் கூடாதாம். ஒரே ஒரு பலகைக்குத்தான் அனுமதி. பழைய இரும்புக் கம்பத்தில் துளை போடவும் கூடாது. அதனால் பலகையை ஒரு வளையத்தில் மாட்டி இடது பக்கம் பார்க்க வைத்தார்கள். லேசாகத் தள்ளினாலே திரும்பிவிடும்.

அம்பு காட்டுகிற சந்துக்குத்தான் கூட்டம் போகும். போகும்போது அவசரமாகப் போகிறவர்கள் வரும்போது நிதானமாக வருவார்கள். நிதானமாக வருகிறவர்கள்தான் கடையைப் பார்ப்பார்கள்.

"உங்க தங்கச்சிதானேண்ணே, போனாப் போகுது. பாவம், ஈ ஓட்டிக்கிட்டு உக்காந்திருக்காங்க. மாசக் கடைசில கடையைப் பூட்டப் போறதாப் பேச்சு" என்றார் செயலாளர்.

"தங்கச்சியாவது ஒண்ணாவது! இன்னைக்கே கூட்டத்தைக் கூட்டுங்க. ரெண்டுல ஒண்ணு பாத்துடணும்."

"இன்னைக்கு முடியாது. நாளைக்குச் சாயங்காலம் வெச்சுக்கலாம்."

அப்பாவின் கடையைப் பங்கு பிரித்தபோது வந்த சண்டை. அண்ணனும் தங்கையும் பேசி எட்டு வருஷமாகிறது. கழிப்பறைக்குக்கூடவா ஏட்டிக்குப் போட்டி என்று தெருவே சிரித்தது.

செயலாளர் அம்பை மறுபடி இடது பக்கம் திருப்பி வைத்துவிட்டுப் பைக்கடைக்குப் போனார். அந்த அம்மாள் தையல் மிஷினிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"அக்கா, அந்த அம்புக்குறி..."

"நான் அதைத் தொட்டுக்கூடப் பாக்கல. கடையையே மூடப் போறவளுக்கு அம்பு எதுக்கு? அந்தாளுகிட்ட சொல்லுங்க, எல்லாக் கூட்டத்தையும் அவரே கட்டிக்கிட்டு அழட்டும். அவரு விட்டுக் குடுத்து எனக்கு எதுவும் வேணாம்."

பொய் சொல்கிற முகமாகத் தெரியவில்லை. அப்படியானால் யார்தான் திருப்புவது? ஊருக்கெல்லாம் கண்ணாடி போடுகிற மனிதருக்குத் தன் கடைவாசலில் நடப்பது மட்டும் பிடிபடவில்லை.

மறுநாள் காலை ஆறு மணிக்கே வந்து, ஷட்டரைப் பாதி தூக்கி வைத்துக்கொண்டு உள்ளே குந்தினார்.

ஆறேகாலுக்கு ஆள் வந்தது. அக்கம்பக்கம் பார்த்தது. கையிலிருந்த குடையைத் தூக்கி, அதன் வளைந்த பிடியால் பலகையைக் கொக்கி போட்டு இழுத்து, வலது பக்கம் திருப்பியது.

குடைக்கடைக்காரரேதான்!

எட்டு மணிக்கு அதே மனிதர் தெரு நடுவில் நின்று, "மறுபடியும் திருப்பிட்டா!" என்று தொண்டை கிழியக் கத்தினார்.

செயலாளருக்கு மண்டை குழம்பிவிட்டது. தானே திருப்பிவிட்டுத் தானே ஏன் கத்த வேண்டும்? யோசிக்க யோசிக்க ஒரே ஒரு காரணம்தான் தோன்றியது. தங்கை மேல் பழியைப் போட்டுத் தெருவை விட்டே துரத்தப் பார்க்கிறார். அடப்பாவி! கூடப் பிறந்தவளுக்கா? அவருக்கு ரத்தம் கொதித்தது. சாயங்காலம் எல்லார் முன்னாலும் போட்டு உடைத்துவிடுவது என்று முடிவு செய்தார்.

கூட்டம் ஆரம்பித்ததும் முதல் ஆளாகக் குடைக்கடைக்காரர் எழுந்தார்.

"அம்பு என் சந்தைத்தான் காட்டணும். அவளுக்கு எதுக்குக் கூட்டம்? வர்றவங்களுக்குக் காட்ட நாலு உருப்படியான பை இருக்கா அவகிட்ட?"

செயலாளர் வாயைத் திறப்பதற்குள் பின்வரிசையில் நாற்காலி உருண்டது.

"என்ன சொன்னீங்க?" தங்கை எழுந்து நின்றாள். "என் பையைப் பத்தியா பேசுறீங்க? நேத்து வரைக்கும் மூடத்தான் இருந்தேன். இப்ப எல்லாருக்கும் முன்னால சொல்றேன், மூட மாட்டேன். அம்பு என் பக்கம்தான் நிக்கணும். ஓட்டுக்கு விடுங்க!"

அண்ணனின் பேச்சு எல்லாருக்குமே எரிச்சல் மூட்டியிருந்தது. அத்தனை கையும் அவளுக்காக உயர்ந்தன.

"அநியாயம்! என் பொழப்புல மண்ணைப் போட்டுட்டீங்களே!" என்று கத்திக்கொண்டே குடைக்கடைக்காரர் வெளியேறினார். ஜெயித்த மிடுக்கோடு தங்கை முந்தானையை உதறிச் செருகிக்கொண்டாள். எட்டு வருஷத்தில் அவள் முகத்தில் அப்படியொரு களையை யாரும் பார்த்ததில்லை.

செயலாளர் படியிறங்கி ஓடினார்.

"நில்லுங்கண்ணே! காலையில நான் பாத்தேன். குடையை மாட்டி நீங்கதானே திருப்புனீங்க?"

அவர் திடுக்கிட்டுப் பின்னால் பார்த்தார். "மெதுவாப் பேசுங்க தம்பி. அவ இன்னும் உள்ளதான் இருக்கா."

"அப்புறம் எதுக்கு இவ்வளவு கத்துனீங்க? எனக்கு ஒண்ணுமே புரியல."

கத்திக் கத்திக் கம்மிப்போன தொண்டையைச் செருமிக்கொண்டு அவர் சொன்னார்:

"நான் குடுத்தா வாங்க மாட்டா தம்பி. எங்கிட்டேருந்து பிடுங்குனாத்தான் வெச்சுக்குவா."