பல்பு வேண்டாம்

வீட்டிலிருந்து கராம்புக் கொட்டகை வரைக்கும் இரண்டடி ஆழத்தில் பள்ளம் வெட்டி, குழாய்க்குள் வயரைப் போட்டு மூடியதில், வயரிங் வேலைக்கு வந்த சசிக்குமாருக்கு இடுப்பு விட்டுப்போயிருந்தது. வீட்டுக்காரர் பழனிமுத்துவோ விடுவதாயில்லை, கரண்டு கசிந்தால் தானே அணையும் டிரிப் சுவிட்ச்சும் தனியாக வைக்கச் சொல்லிவிட்டார்.

"கராம்பு மொட்டுல காம்பு கிள்ளுற கொட்டகைக்கு இவ்வளவா, அண்ணே? பங்களாவுக்கே இப்படிச் செய்யமாட்டாங்க."

"செய்யி தம்பி. ஃபேனுக்கு ஒரு பிளக்கு, ரேடியோவுக்கு ஒரு பிளக்கு."

"பல்பு?"

"வேணாம்."

சலித்துப்போன சசிக்குமார், சுவரில் கடைசி வயர் இணைப்பை டேப் மட்டும் சுற்றி விட்டுவிட்டான். அதை மூடப் பெட்டி வேண்டுமென்றால் மறுபடியும் இரத்தோட்டை டவுனுக்குப் போகவேண்டும்.

"முடிஞ்சிருச்சு அண்ணே. கரண்டு வந்திருச்சு."

"சுந்தரம்மா, இங்க வா," என்று பழனிமுத்து மனைவியை அழைத்தார்.

உள்ளே வந்தவள் சுவரில் கையை வைத்து, விரல்களால் தடவித் தடவி சுவிட்ச்சைத் தேடினாள்.

"இங்க காம்பு கிள்ளப்போறவ இவதான். கண்ணு தெரியாது தம்பி. எல்லாம் தொட்டுத்தான் தெரிஞ்சுக்குவா."

அவள் விரல்கள் டேப்பை நெருங்கின.

"அக்கா, அந்தப் பக்கம் தொடாதீங்க."

சசிக்குமார் அவள் கையை விலக்கிவிட்டு, வீட்டுக்கு ஓடி மெயினை அணைத்துத் திரும்பினான்.

"வேலை இன்னும் முடியல அண்ணே. டவுனுக்குப் போயிட்டு வர்றேன்."